பார்வைக் கணக்கும் படிப்போர் உள்ளமும்

நூல் ஒன்றை எழுதி வெளியிட்ட புலவர், அதனை வாங்கியோர் எத்துணையர் என்பதைப் பதிப்பாளரிடம் கேட்டு அறியலாம். வாங்கியோருள் படித்தோர் எத்துணையர், படித்தோர் எப்பக்கத்தில் நின்று சிந்தித்தனர், எப்பக்கத்தைத் திருப்பியும் பாராது விட்டனர் என்பவற்றை அவர் அறிதல் அரிது. கதை நூலாயின், முதலிலிருந்து முடிவுவரை படித்திருப்பர் என்றேனும் கருதலாம். கலைக்களஞ்சியம் அத்தகையதன்று. வேண்டிய பொருளைத் தேடிப் பிரித்துக் கண்டு, உடனே மூடி வைப்பதே அதனைப் பயன்படுத்துவோர் வழக்கம். ஆதலின், களஞ்சியம் தொகுத்தவர்க்குத் தம் படிப்போரின் உள்ளம் ஏனை நூலாசிரியர்க்கு உள்ளதினும் மிக்க மறைபொருளாகவே இருந்து வந்தது.

தமிழில் இப்பெரும்பணியைத் தனியொருவராய் நின்று மேற்கொண்டவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னையில் பச்சையப்பன் அறநிலையப் பள்ளியில் தமிழாசிரியராக விளங்கிய அவர், புராணப் பெயர்களையும் புலவர் வரலாறுகளையும் சமயச் செய்திகளையும் பிறவற்றையும் அகரவரிசையில் அமைத்து, ‘அபிதான சிந்தாமணி’ என்னும் பெருநூலை ஆக்கினார். அந்நூல் பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், ம. ப. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டனர். இவ்விரு பணிகளிலும், எப்பொருளுக்கு எத்தனை வரி அளிப்பது என்னும் வினாவுக்குத் தொகுத்தோர் தம் புலமையைக் கொண்டே விடை கண்டனர். படிப்போர் எதனை நாடுவர் என்பதற்கு எண்கணக்கு எதுவும் அவர்முன் இல்லை.

எனினும், கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு சான்று என்றும் இருந்தது. பழைய படிப்பகத்து அகராதியையோ களஞ்சியத்தையோ எடுத்து, மூடிய நிலையில் அதன் தாள்விளிம்பை நோக்குங்கள். சிற்சில இடங்களில் விளிம்பு பழுப்பேறிக் கருத்திருக்கும். ஏனைய இடங்களில் அச்சிட்ட நாளின் வெண்மை மாறாதிருக்கும். பலர் விரல் பட்ட இடம் கருக்கின்றது. படிப்போர் தாம் அறியாமலே எழுதிச் சென்ற கணக்கு அது.

இக்கணக்கைப் படித்து ஓர் உண்மையைக் கண்டவர் அமெரிக்க வானநூல் அறிஞர் சைமன் நியூகோம்ப் என்பார். கணிப்பொறி தோன்றாத அக்காலத்தில், பெருக்கலையும் வகுத்தலையும் எளிதாக்க மடக்கை வாய்பாட்டு நூல்களை அறிஞர் பயன்படுத்தினர். அந்நூல்களில் முதற்பக்கங்கள் மிகத் தேய்ந்தும், கடைசிப் பக்கங்கள் புதியனவாயும் இருப்பதை அவர் கண்டார். 1 என்னும் இலக்கத்தில் தொடங்கும் எண்கள் முதற்பக்கங்களில் உள்ளன. 9இல் தொடங்குவன இறுதியில் உள்ளன. பிறர் கண்டிருப்பின், ‘கணக்கர்க்கு 1இல் தொடங்கும் எண்கள்மேல் விருப்பம் மிகுதி’ என்று கூறி அமைந்திருப்பர். நியூகோம்ப் அவ்வாறு கூறினாரல்லர். இயற்கையில் நாம் அளந்து பெறும் எண்களுள் 1இல் தொடங்குவனவே மிகுதி என்று 1881இல் எழுதினார். பின்பு 1938இல் பிராங்க் பென்போர்டு என்னும் இயற்பியல் அறிஞர், ஆற்றுப்பரப்பு, மக்கள்தொகை முதலிய துறைகளிலிருந்து 20,000க்கு மேற்பட்ட எண்களைத் தொகுத்து இதனை நாட்டினார். நூற்றுக்கு ஏறத்தாழ 30 எண்கள் 1இல் தொடங்குகின்றன. 9இல் தொடங்குவன நூற்றுக்கு ஐந்தும் இல்லை. ஆகவே, அப்பக்கங்களின் தேய்வு படிப்போரின் விருப்பத்தைக் காட்டவில்லை. அவர்தம் தேவையைக் காட்டியது. அத்தேவைக்குக் காரணமோ எண்களின் இயல்பிலேயே இருந்தது. இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

நூலகத் துறையில் எண்ணும் பழக்கத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் சீ. இரா. அரங்கநாதன். சீகாழியில் 1892இல் தோன்றிய அவர் கணிதப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய படிப்பாளர் ஒருவர் உண்டு என்பது, 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. கணிதம் வல்ல ஒருவர் ‘மிகப் பலர் நாடும் நூலே சிறந்தது’ என்று கூறாமல், இவ்வாறு விதித்தமை எண்ணத்தக்கது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 2001ஆம் ஆண்டிலும் தமிழில் 2003ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா என்னும் இணையக் களஞ்சியத்தை நீங்கள் அறிவீர்கள். ஊதியம் கருதாத தன்னார்வலர் எழுதி வளர்த்த அதன் தமிழ்ப் பகுதி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. அச்சுக் களஞ்சியத்துக்கு இல்லாத ஓர் உறுப்பு இதற்கு உண்டு. எந்தக் கட்டுரை எந்த நாளில் எத்தனை முறை திறக்கப்பெற்றது என்பதை அஃது எண்ணி, எவரும் காணுமாறு வெளியிடுகின்றது. கட்டுரை ஒன்றின் தகவற்பகுதியைத் திறந்தால், சென்ற 30 நாள்களின் எண்ணிக்கை அங்கே நிற்கும். சிங்காரவேலு முதலியார்க்குக் கிட்டாத கணக்கு இன்று எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் கிட்டுகின்றது. கிட்டிய கணக்கைப் படிக்கத் தெரிதல் வேண்டும். அதுவே ஈண்டு நாம் கருதும் பொருள்.

முதற்கண், எண்ணப்படுவது யாது எனத் தெளிதல் வேண்டும். எண்ணப்படுவது பக்கம் திறக்கப்பட்ட தடவை, ஆளன்று. ஒருவரே காலையிலும் மாலையிலும் திறப்பின் இரண்டாம். ஆசிரியர் ஒருவர் ஒருமுறை திறந்து நாற்பது மாணவர்க்குப் படித்துக் காட்டினால் ஒன்றேயாம். திறந்தவர் முழுதும் படித்தாரா, முதல் வரியைக் கண்டு மூடினாரா என்பதை அவ்வெண் கூறாது. பொதுவாகக் காட்டப்பெறும் அவ்வெண்ணில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. மயிலாப்பூரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தவர் கிழக்கு மாட வீதியில் வாழ்பவராயினும், யாழ்ப்பாணத்துப் பாட்டியாராயினும், தொராண்டோ நகரில் வளரும் தமிழ்ச் சிறுமியாயினும் எண் ஒன்றே.

திறப்பவர் எல்லாரும் மனிதர் என்பதும் உறுதியன்று. இணையத்தில் உள்ள பக்கங்களை ஓயாது திறந்து படியெடுக்கும் இயந்திர நிரல்கள் பல உள்ளன. தம்மை இன்னாரெனத் தெரிவிக்கும் நிரல்களை நீக்கி எண்ணும் முறை 2015இல் ஏற்பட்டது. தம்மை மறைத்து மனிதர்போல் நடிப்பனவற்றையும் பிரித்தறியும் முயற்சி 2020இல் தொடங்கிற்று. அதன் பின்னும் இடர் தீர்ந்தபாடில்லை. 2025ஆம் ஆண்டு மே, சூன் திங்களில் விக்கிப்பீடியாவின் மனிதப் பார்வைகள் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தன; அவ்வுயர்வின் பெரும்பகுதி பிரேசில் நாட்டிலிருந்து வந்ததாகத் தோன்றியது. பிரேசில் மக்கட்கு அறிவுவேட்கை திடீரெனப் பெருகிற்று என்று மகிழ்ந்திருக்கலாம். ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலன மறைந்து வந்த இயந்திரங்களின் வேலை எனத் தெரிந்தது. கணக்கைத் திருத்தி நோக்கியபொழுது, மனிதப் பார்வை முந்திய ஆண்டின் அதே திங்களைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 8 குறைந்திருந்தது. தேடுபொறிகள் விடையைத் தாமே சுருக்கிக் கொடுத்துவிடுதலும் இக்குறைவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

நாள் என்பதன் எல்லையும் கருதத்தக்கது. இக்கணக்கு உலகப் பொது நேரத்தைத் தழுவியது. அங்கு நள்ளிரவு கடந்து புதுநாள் பிறக்கும்பொழுது நம் நாட்டில் விடியற்காலை 5.30 மணியாகும். மார்கழி முதல் நாள் விடியற்காலை 4 மணிக்குக் கபாலீசுவரர் திருக்கோயிலுக்குப் புறப்படும் ஒருவர், புறப்படுமுன் திருவெம்பாவை பற்றிய கட்டுரையைத் திறந்து பார்த்தாராயின், அப்பார்வை கார்த்திகைக் கடைசி நாளின் கணக்கில் ஏறும்! ‘மார்கழி பிறக்குமுன்னரே மக்கள் தேடத் தொடங்கினர்’ என்று எவரேனும் எழுதுவராயின், அது நேரக் கணக்கால் விளைந்த பிழையாகும்.

பெயராலும் மயக்கம் உண்டு. ஒரே ஊரை மயிலாப்பூர் என்றும் மயிலை என்றும் திருமயிலை என்றும் வழங்குகின்றோம். ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழிமாற்றம் அமைந்திருந்தால், ஒவ்வொரு பெயரின் வழியாக வந்தவர் கணக்கும் தனித்தனியே நிற்கும். கூட்டிக் காணாதார் குறைவாகவே மதிப்பிடுவர். அன்றியும், ‘திருமயிலை’ எனத் தேடியவர் நாயன்மார் பாடிய தலத்தை நாடினாரோ, பறக்கும் தொடர்வண்டியின் நிலையத்தை நாடினாரோ, யார் அறிவார்!

இத்துணையும் எண்ணைப் பற்றியன. எண் சரியாகவே அமைந்தது என்று கொண்டாலும், அதனை ‘ஈடுபாடு’ என்று பெயர்த்தல் பொருந்துமா என்பது அடுத்த வினா.

நவராத்திரி அணுகும்பொழுது மயிலையின் வடக்கு மாட வீதியில் கொலுப்பொம்மைக் கடைகள் நிரம்பியிருக்கும். பொம்மையை நின்று நோக்குவோர் பலர். கையிலெடுத்து விலை கேட்போர் சிலர். வாங்கிச் செல்வோர் மிகச் சிலர். கடையின் முகப்பில் வைத்த பொம்மை நூறு பேர் கண்ணிற் படும். உள்ளே மூலையில் இருக்கும் தசாவதாரத் தொகுதியைக் கேட்டுத் தேடி வருபவர் இருவரோ மூவரோ. முகப்புப் பொம்மைக்குப் பார்வை மிகுதி. ஈடுபாடு மிகுதி என்று எவ்வாறு கூறுவது? களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் எடுத்துக்காட்டப்பெறும் கட்டுரையும் அவ்வாறே. அன்று அதன் பார்வை உயர்கின்றது, மறுநாள் தாழ்கின்றது. உயர்ந்தது வைத்த இடத்தால் என்க.

செய்தியால் வரும் உயர்வு இன்னொரு வகை. புகழ்பெற்ற ஒருவர் மறைந்தார் எனச் செய்தி வந்ததும், அவர் வரலாற்றைக் கூறும் பக்கம் சில மணி நேரத்தில் பன்மடங்கு திறக்கப்பெறும். ஒரு வாரத்தில் அவ்வலை அடங்கிவிடும். இத்தகைய கட்டுரைக்குச் சராசரி கணக்கிடுவோர் எளிதில் ஏமாறுவர். கட்டுரை ஒன்று 29 நாள்கள் நாள்தோறும் 20 பார்வையும், ஒரு நாள் மட்டும் 2,000 பார்வையும் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,580, சராசரி 86. ஆனால், அத்திங்களில் 86 பார்வையைப் பெற்ற நாள் ஒன்றேனும் உண்டா? இல்லை. 30 எண்களையும் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைக் கண்டால், 20 என்பது கிடைக்கும். இதனை இடைநிலை அளவு எனக் கணித வகுப்பில் கற்பீர்கள். அன்றாடம் அக்கட்டுரையை நாடுவோர் அளவை இடைநிலை காட்டும். செய்தி வீசிய காற்றின் விரைவைச் சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள இடைவெளி காட்டும். இரண்டும் வேண்டும், ஒன்றைக் கொண்டு மற்றதைக் கூறலாகாது.

ஆண்டுதோறும் திரும்பி வரும் உயர்வும் உண்டு. மயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழா. அன்று மாட வீதிகள் நான்கும் மக்கள் வெள்ளமாகும். அவ்வமயத்தில் நாயன்மாரைப் பற்றிய கட்டுரைகளை நாடுவோர் எத்துணையர் என ஒப்பிட விரும்பும் மாணவன், சென்ற ஆண்டின் மார்ச்சுத் திங்களையும் இவ்வாண்டின் மார்ச்சுத் திங்களையும் அருகருகே வைப்பான். அங்கேதான் வழுக்கல். நம் விழாக்கள் ஆங்கில நாட்காட்டியைப் பின்பற்றுவன அல்ல. 2024இல் அவ்விழா மார்ச்சுத் திங்களிலும், 2025இல் ஏப்பிரல் திங்களிலும் நிகழ்ந்தது. இரண்டு மார்ச்சுகளையும் ஒப்பிட்டவனுக்கு, ஓராண்டில் ஈடுபாடு வீழ்ந்துவிட்டதுபோலவே தோன்றும். பங்குனியைப் பங்குனியோடு ஒப்பிடுதலே முறை. நம் பஞ்சாங்கத்தை அறியாத அயல்நாட்டு ஆய்வாளர் நம் எண்களை எடுத்து ஆராய்வராயின், இந்நுட்பத்தை அவர்க்கு உரைப்பது நம் கடமையன்றோ?

மேலும், களஞ்சியம் முழுவதற்கும் வருவோர் தொகை பெருகும்பொழுது தனிக்கட்டுரையின் எண்ணும் தானே பெருகும். ஓராண்டில் ஒரு இலட்சத்தில் 1,000 பார்வையும், மறு ஆண்டில் இரண்டு இலட்சத்தில் 1,200 பார்வையும் ஒரு கட்டுரை பெற்றதாகக் கொண்டால், எண் வளர்ந்தது. பங்கோ நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 0.6 எனச் சுருங்கிற்று.

பயனில்லாத கணக்கு என்று இதனை ஒதுக்கிவிடுதலும் தவறு. 2014இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், காய்ச்சல், சளி முதலியன பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் பார்வையைக் கொண்டு, அந்நாட்டில் சளிக்காய்ச்சல் பரவும் அளவை அரசின் அறிக்கை வருமுன்னரே ஓரளவு மதிப்பிட இயலும் எனக் காட்டினர். அதற்கு முன், 2008இல் கூகுள் நிறுவனம் தேடுசொற்களைக் கொண்டு இதே மதிப்பீட்டை வெளியிட்டு வந்தது. 2012–13ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதன் மதிப்பீடு உண்மையைப்போல் ஏறத்தாழ இருமடங்காகச் சென்றுவிட்டது. நோயைப் பற்றிய செய்திகளைக் கேட்டு அஞ்சி, நோயில்லாதாரும் தேடினர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2015இல் அவ்வெளியீடு நிறுத்தப்பட்டது. நோயாளியின் தேடலும் அஞ்சினவரின் தேடலும் எண்ணில் ஒரே உருவம் கொள்கின்றன. நியூகோம்ப் கண்ட தேய்ந்த பக்கத்தை இங்கு நினைவு கூருங்கள். தேய்வு உண்மை, அதன் காரணத்தைத் தேய்விலிருந்தே கூற இயலாது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உளது. உள்ள பக்கத்தை நாடுவோரையே கணக்குக் காட்டும். எழுதப்படாத பக்கத்துக்குப் பார்வைக் கணக்கு ஏது? நாடுவோர் குறைவு என்று ஒரு பொருளை எழுதாது விட்டால், எழுதாமையாலேயே நாடுவோர் இலராவர். அதனையே சான்றாகக் காட்டி, மேலும் எழுதாது விடுவர். நம் மொழியின் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய்ச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் கற்றிருந்த அவரை நோக்கி, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என முதலியார் வினவினார். படித்ததில்லை. அந்நூலின் படி பிறகு முதலியாரிடமிருந்தே கிடைத்தது. அன்று தமிழகத்தில் கற்போர் நாடிய நூல்களைக் கணக்கெடுத்திருப்பின், அந்தாதிகளுக்கு ஆயிரக்கணக்கும் சிந்தாமணிக்கு ஓரிரண்டும் வந்திருக்கும். அக்கணக்கில் பிழை ஒன்றும் இராது. அதனை நம்பி ஐயரவர்கள் அந்தாதிகளையே அச்சிட்டிருந்தால், 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் கையால் வெளிவந்திரா. அரங்கநாதன் கூறிய விதியை அவர் வகுப்பதற்கு முன்பே நடத்திக் காட்டியது போன்றது இச்செயல்.

படிப்போர் எதற்காக வருகின்றனர் என்பதை அறிய, அவரையே கேட்பது ஒரு வழி. 2017இல் வெளியான ஆய்வில் ஆங்கில விக்கிப்பீடியாவைப் படிப்போரிடமும், பின்னர் 2019இல் வெளியான ஆய்வில் 14 மொழிகளில் படிப்போரிடமும் அவ்வாறே கேட்டறிந்தனர். பள்ளிப்பாடம், அலுவல், உரையாடலில் எழுந்த ஐயம், செய்தியிற் கண்டது, தாமே கற்கும் அவா, பொழுதுபோக்கு என விடைகள் பலவாயின. வளம் குன்றிய நாடுகளில் கட்டுரையை ஆழ்ந்து படிப்போர் பங்கு மிகுதி என்றும் தெரிந்தது. அப்பதினான்கில் இந்தியும் வங்காளமும் இருந்தன, தமிழ் இடம்பெறவில்லை.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் இதனைச் செய்து பார்க்கலாம். மயிலாப்பூர் அல்லது உங்கள் ஊர் பற்றிய தமிழ்க் கட்டுரையின் 30 நாள் பார்வையை நாள்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியையும் இடைநிலையையும் தனித்தனியே காணுங்கள். எண் மிக உயர்ந்த நாளைக் கண்டு, அந்நாளிலும் அதற்கு முந்திய நாளிலும் வெளிவந்த செய்தித்தாள்களையும் பஞ்சாங்கத்தையும் புரட்டி, உயர்வுக்குக் காரணம் தேடுங்கள். பின்பு, அக்கட்டுரையைத் திறந்த தோழர்கள் இருப்பின், எதற்காகத் திறந்தனர் என்று கேட்டு, அவ்விடைகளை எண்களுக்கு எதிரே எழுதி வையுங்கள்.